தொட்டி மூடியும் டொலறஸின் பாதி வசனமும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, கட்டுரை. லண்டனில், வால்தம்ஸ்டோவைத் தாண்டி ஒரு பழைய ஆங்கிலிக்கன் கோயிலில் எழுநூறு வருடத்து ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. கல்தொட்டி. அதன்மேல் ஆளுயர மரமூடி, கூரையிலிருந்து கயிற்றில் தொங்குகிறது. கயிற்றின் மறுமுனையில் ஈயக்குண்டு இருப்பதால், ஒரு கையால் தள்ளினாலே மூடி மேலே போகும். அந்தக் காலத்தில் இத்தகைய மூடிகளைப் பூட்டியும் வைத்தார்களாம். மந்திரித்த தண்ணீரைச் சனங்கள் சூனியத்துக்குத் திருடிவிடுவார்கள் என்று பயம்.

“இங்கிலாந்தின் இடைக்காலக் கோயில்களில் மூடிகளின் பங்கு...” (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

அந்தக் கோயிலைத் துப்புரவாக்குகிறவர் டொலறஸ். எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர். நான் மூடியைப் படம் எடுத்துக்கொண்டு நின்றபோது துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார்.

“றொனால்ட் அண்ணை, இதுக்குள்ளை நான் ஒரு வேலை பாத்திட்டன். ஆரிட்டைச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

கட்டுரை அங்கேயே போயிற்று.

2.

டொலறஸின் தங்கை அஜித்தா. அவளுடைய கணவர் முகுந்த் கோயம்புத்தூர்க்காரர், இந்து. மகள் தாரிணி பிறந்தபோது, ஞானஸ்நானம் வேண்டுமா என்பதைப் பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும் என்றார். மூன்றாம் மாதம் பிள்ளைக்கு மூச்சுத்திணறல். ஒரு கிழமை ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த மறுவாரம், பார்த்துக்கொள்ளக் கொடுத்த பிள்ளையை டொலறஸ் வேலைக்குத் தூக்கிவந்தார். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே படிப்பித்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி மூன்று பெயரையும் சொல்லவேண்டும், ஒன்று குறைந்தாலும் செல்லாது. (பிள்ளை சாகக்கிடக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் டொலறஸே சொன்னார்.)

“பூக்களுக்கு ஊத்துற வாளியிலை தண்ணி எடுத்தன். தலையிலை ஊத்தி, பிதா, சுதன் எண்டு சொல்லிக்கொண்டிருக்க மூடி இறங்குது அண்ணை. பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினன்.”

“பரிசுத்த ஆவி?”

“அதுதான் தெரியேல்லை. சொன்னமாதிரியும் கிடக்கு, சொல்லாதமாதிரியும் கிடக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

3.

தொடக்கம், இரண்டாம் முயற்சி: “டொலறஸ் மூன்றாவது பெயரைச் சொல்லி முடித்தபோது மூடி...”

இப்படி எழுதினால் சொன்னதாகிவிடும். அழித்தேன். “சொல்வதற்குள்” என்று எழுதினால் சொல்லாததாகிவிடும். அதையும் அழித்தேன். கதாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்கிறவர்கள் வந்து இந்த வரியை எழுதித் தரட்டும்.

வருகிற ஞாயிறு தாரிணிக்கு ஞானஸ்நானம். ஒரு வருடம் யோசித்து முகுந்த் தானாகவே சம்மதித்திருக்கிறார். வெம்பிளியில் மண்டபமும் எடுத்தாயிற்று. பிள்ளைக்குச் சாட்சியாக நிற்கும் ஞானத்தகப்பன் நான். ஒருவருக்கு இரண்டு தரம் ஞானஸ்நானம் கொடுக்க ஏலாது.*

(* சந்தேகம் என்றால் வழியுண்டு. ‘நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’ என்று தொடங்கிச் பங்குச் சுவாமியார் கொடுப்பார். அதற்கு அவரிடம் சொல்லவேண்டும். அவர் பெற்றோரிடம் கேட்பார்.)

“சொன்னா அஜித்தா பிறகு பிள்ளையை என்னட்டைத் தரமாட்டாள்,” என்றார் டொலறஸ். “சொல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது பகிடியாப் போயிடும். நீங்கள் எழுதுற ஆள். ஒரு முடிவைச் சொல்லுங்கோ.”

4.

முடிவு அ: டொலறஸ் சொல்லிவிடுகிறார். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு ஆ: யாரும் வாய் திறக்கவில்லை. பிரியாணி நன்றாயிருந்தது. (எழுதியதும் என்மேலேயே வெறுப்பு வந்தது.)

முடிவு இ: முகுந்த்

இந்தப் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது அவரே எனக்குப் போன் எடுத்தார். கதைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது.

“அண்ணா, ஒரு ரெண்டு நிமிஷம். ‘குழந்தைக்கு என்ன கேக்குறீங்க’ன்னு ஃபாதர் கேப்பாராம். நான் ‘ஞானஸ்நானம்’னு சொல்லணுமாம். சும்மா ஒப்பிக்காம மனசார சொல்லணும்னு இருக்கு. நீங்க ஃபாதர் மாதிரி கேளுங்க, நான் சொல்லிப் பாக்குறேன்.”

நான் பேனாவை மூடிவைத்தேன்.

“அண்ணா? லைன்ல இருக்கீங்களா?”

இருக்கிறேன். கேட்டால் நானும் மறைத்ததாகிவிடும், கேட்காவிட்டால் ஏனென்று சொல்லவேண்டும். இவ்வளவும் வாசித்துவிட்டீர்கள், டொலறஸையும் தெரியும், இவரையும் தெரியும். போனை உங்களிடம் தருகிறேன். அந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் கேட்பீர்களா?