கமலாட்சிக்கு ஏற்ற சில்லு

ஜெயபுரத்தில் கமலாட்சியிடம் சுமித்திரா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளுடைய கணவர் பொன்னையாவே பதில் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உபகரணத்தைத் தெரிவுசெய்ய உதவும் வேலையில் சுமித்திராவுக்கு ஆறு வருட அனுபவம். இப்படிப்பட்ட வாய்கள் அவளுக்குப் புதிதல்ல.

கமலாட்சிக்கு வலது கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. பொய்க்காலோடு முற்றம் வரைக்கும் நடப்பாள். அதற்கு மேல் போனால் தோல் உரிந்துவிடும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிற, சின்னச் சில்லு வைத்த நாற்காலிதான் தோது என்று பொன்னையா முடிவுகட்டியிருந்தார்.

"தானே உருட்டப் பெரிய சில்லு என்னத்துக்குப் பிள்ளை? தள்ள நானிருக்கிறன்தானே."

கமலாட்சி முருங்கையிலையை உருவிக்கொண்டிருந்தாள். சுமித்திரா அளவு நாடாவைப் பொன்னையாவிடம் கொடுத்து, படலை, கிணற்றடி, மலசலகூட வாசல் எல்லாவற்றையும் அளந்து வரச் சொன்னாள். ஓர் அங்குலமும் பிழைக்கக் கூடாது. அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பெரிய எஞ்சினியர் மாதிரிப் புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் கமலாட்சி வாய் திறந்தாள். தோட்டத்துக்கென்று வெளிக்கிடுகிற மனுசன் தினமும் தில்லைநாதன் கடையடி வேம்பின்கீழ் காட்ஸ் விளையாடுகிறாராம். கடை முக்கால் கிலோமீற்றர், கிரவல் பாதை.

"அங்க தனியப் போய்வர எனக்கு ஒண்டு வேணும்."

சுமித்திரா அவளுடைய தோளையும் மணிக்கட்டையும் சோதித்தாள். ஊன்றுகோலில் உரமேறிய கைகள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிள் என்று படிவத்தில் எழுதி, காரணம் என்ற இடத்தில் 'சமூக நிகழ்வுகளில் பங்கேற்றல்' என்று போட்டாள். கமலாட்சி கையெழுத்திட்டாள். அளந்து வந்த பெருமையில் பொன்னையாவும் வாசிக்காமலே சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

சைக்கிள் கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, பொன்னையா மட்டும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கமலாட்சி சண்டை பிடித்து அவரை இழுத்து வந்துவிட்டாள் போலும் என்று சுமித்திரா நினைத்தாள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு அவர் கத்தியால் கடைப்பக்கம் காட்டினார்.

சுமித்திரா அங்கே போனாள். வேம்பின்கீழ், சைக்கிளில் இருந்தபடியே, கமலாட்சி காட்ஸை விசிறிபோலப் பிடித்திருந்தாள். எதிரே அவளுடைய ஆட்டச் சோடியாகத் தில்லைநாதன். முதல் நாள் அவள் வந்து நின்றபோது எல்லோரும் பயந்துபோனார்களாம். அவளோ கணவரின் கையிலிருந்த சீட்டுகளை எட்டிப் பார்த்து, இப்படியும் ஒருவர் துரும்புச் சீட்டை இறக்குவாரா என்று கேட்டாளாம். அடுத்த ஆட்டத்திலேயே அவருடைய இடம் பறிபோய்விட்டது.

"சின்ன வயசில இருந்தே எனக்கு இதில பைத்தியம் பிள்ளை. இந்தாள் ஒரு நாளும் கேக்கேல்ல."

இருக்கை மெத்தை, செயின், பிரேக் எல்லாம் சரியாக இருந்தன. திரும்பும் வழியில் பொன்னையா படலையடியில் மறித்தார்.

"பிள்ளை, அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கி விடேலாதோ? சில்லு உருளாத அளவுக்கு."

அதற்குப் பாவிக்கிறவர்தான் விண்ணப்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், சுமித்திரா மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.