இடது முன் சக்கரம்

ஐரின் பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் அவள் கைக்குள் நடுங்கியது. காலை எடுத்தாள், நடுக்கம் நின்றது. மறுபடி மிதித்தாள், மறுபடி நடுங்கியது. ஆத்தூர் பள்ளியிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் ஏழெட்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டாள். ஒரு தடவைகூட தவறவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் முன்சக்கரங்களின் பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றியிருந்தது. புதிது போட்டதாக மெக்கானிக் ஈஸ்வரன் சொன்னார். அவள் நேரில் பார்க்கவில்லை. அந்த நேரம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பழைய டிஸ்க்கையே துடைத்து மாட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டுக்குப் போகாமல் வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு நேராக வண்டியை விட்டாள்.

"புது டிஸ்க்குன்னா இப்படியா ஆடும்?" என்றாள், இறங்கும்போதே.

ஈஸ்வரன் சாவியை வாங்கினார். "நீங்களும் ஏறுங்க டீச்சர். அப்புறம் நான் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு நினைக்கப்படாது."

அறுபதில் போய் மிதித்தார். நடுங்கியது. மிதிக்காமல் எண்பதில் போனார். வண்டி அலுங்காமல் போனது.

"பிரேக் பிடிச்சா மட்டும்தான் ஆடுது. அப்ப வீல் பேலன்ஸ் இல்ல. சீட்டு ஆடல, ஸ்டீயரிங்தான் ஆடுது. அப்ப முன்னாடிதான்."

முன்னால் என்றால் அவர் மாட்டிய டிஸ்க்தானே என்று ஐரின் நினைத்துக்கொண்டாள். பட்டறைக்குத் திரும்பியதும் நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

வலது சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் முகத்தில், கோணலை அளக்கும் டயல் கேஜின் முனையை நிறுத்தி, டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அசையவே யோசித்தது. எழுந்து இடது பக்கம் போனவர் சக்கரத்தின் முன் குந்தி, நட்டுகளை உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சக்கரத்தை யாரு கழட்டுனது?"

"யாரும் கழட்டல."

"இங்க பாருங்க. நட்டை முறுக்குனதும் நான் மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பேன், நட்டுலயும் வீல்லயும் சேர்த்து. வலதுல கோடு நேரா இருந்துச்சுல்ல? இதுல ஒண்ணுகூட சேரல."

"கோடு நீங்க எப்ப வேணும்னாலும் இழுக்கலாமே."

ஈஸ்வரனின் முகம் சுருங்கியது. நட்டுகளில் ஸ்பேனரை மாட்டினார். இரண்டு நட்டு சாதாரணமாக வந்தது. மற்ற இரண்டுக்கும் குழாய் மாட்டி முழு உடம்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி அவள் முன்னால் உருட்டிக் காட்டினார். டயரின் நடுவில் கறுப்பாகப் பஞ்சர் அடைக்கும் திரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் முனை இன்னும் தேயவில்லை.

"இதையும் நான்தான் சொருகுனேனா டீச்சர்?"

ஐரின் குனிந்து திரியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் ஓட்டும்போது இந்த வருஷம் பஞ்சரே ஆனதில்லை.

இடது டிஸ்க்கில் கேஜின் முள் நன்றாகத் தள்ளாடியது. டிஸ்க்கைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் மணல் நசுங்கி ஒட்டியிருந்தது தெரிந்தது. "சக்கரத்தைக் கழட்டுனப்ப டிஸ்க் லேசா விலகி உள்ள மண்ணு போயிருக்கு. அதோட ஸ்பேனர் மேல ஏறி நின்னு இறுக்கியிருக்காங்க, அதுவும் ஒரே பக்கமா. டிஸ்க் கோணலா சுத்துது, பேடு தட்டித் தட்டிப் பிடிக்குது. டிஸ்க் புதுசுதான், கெடல." குரலைத் தாழ்த்தினார். "சார் எங்கயாவது எடுத்துட்டுப் போனாரா?"

"அவர் ஓட்டுறதில்ல."

அவள் கணவர் அருள்நாதன் தேங்காய் வியாபாரி. எட்டு மாதத்துக்கு முன்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து சரிந்தார். ஒரு வருஷத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வியாபாரம் முழுக்க போனில்தான். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். ஆனால் போன வாரம் விடைத்தாள் திருத்த, கூட வேலை பார்க்கும் அன்னாள் டீச்சருடைய ஸ்கூட்டியில்தான் போய்வந்தாள். ஐந்து நாளும் கார் வீட்டில் நின்றது.

ஈஸ்வரன் மணலைச் சுரண்டித் துடைத்து, டிஸ்க்கை மாட்டி, மறுபடி அளந்தார். முள் அடங்கியிருந்தது. நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினார். திரும்ப ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் அசையவில்லை.

"தப்பா பேசிட்டேன்," என்றாள் ஐரின்.

"பரவால்ல டீச்சர்," என்றார் அவர். குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வீட்டில் அருள்நாதன் போனில் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"காருக்கு எங்க பஞ்சர் ஒட்டுனீங்க?"

"பஞ்சரா? எனக்கென்ன தெரியும்? உங்க பள்ளிக்கூடத்து வாட்ச்மேனக் கேளு."

கேட்டதும் தயாராக வந்த பதில். அவள் நகரவில்லை. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேவுகம்பட்டி வரைக்கும் போனேன். தோப்பைப் பார்க்காம எம்புட்டு நாளைக்குத்தான் போன்லயே காய் வாங்குறது? ஒரு தடவதான்."

"சரி. பஞ்சர் எப்படி ஆச்சு?"

"முள்ளு."

"ரோட்டுல ஏது முள்ளு?"

அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார். "வண்டி கருவேலம் புதருக்குள்ள நின்னுச்சு. எப்படி இறங்குச்சுன்னு எனக்குத் தெரியல, ஐரின். ஆட்டுக்காரம்மா ஒண்ணு கண்ணாடியத் தட்டுச்சு. அப்பத்தான் முழிச்சேன்."

கத்துவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்களை ஐரின் விட்டுவிட்டாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா இன்னும் ஒரு வருஷம் ஓட்டக் கூடாதும்பாரு."

"நான் சொல்லல. நீங்களே சொல்லணும். நாளைக்கு."

மறுநாள் டாக்டரிடம் அவரே சொன்னார். புதர் வரைக்கும், ஆட்டுக்காரம்மா வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல். மாத்திரையின் அளவு கூடியது. அவர் பயந்தபடியே வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. மாற்றுச் சாவியை ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் கையில் கொடுத்தார்.

"வேற எதாவது இருக்கா?" என்றாள்.

"வேற சாவி இல்ல."

"சாவியக் கேக்கல."

அவர் இல்லையென்று தலையாட்டினார். நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினாள். கார் சத்தமில்லாமல் நின்றது. அவள் கண் ஸ்டீயரிங்குக்குப் போகவில்லை. பக்கத்து இருக்கையில், அவர் மடியில் இருந்த விரல்களுக்குப் போனது.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ ரோட்டைப் பாரு," என்றார் அருள்நாதன்.