எஞ்சினுக்கு நெற்றி

கயிற்றைச் சுண்டி இழுத்தார் துரைசாமி. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி சுற்றினார், மறுபடி இழுத்தார். இருமல்கூட வரவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் பாக்கியம், படகின் விளிம்பைப் பிடித்த பிடியை விடாமல்.

"ஒண்ணுமில்ல. புதுசுல்ல, முரண்டு பண்ணுது. கல்யாணமான புதுசுல நீ பண்ணின மாதிரி."

இந்த மனுஷனுக்கு எந்த நேரத்தில் என்ன கிண்டல் பாருங்கள்! அவள் கடலோர ஊரான மாயெபூரிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. புயல் மாதங்கள் ஓய்ந்து, அந்த வருஷத்தில் முதன்முதலாகப் படகு இறக்கிய நாள் அது. போன வருஷம் கரோல் புயல் பழைய படகைச் சுக்குநூறாக்கிவிட்டுப் போயிருந்தது. இந்தப் படகும் புதிது, எஞ்சினும் புதிது. "மொதல் சவாரி நீதான் வரணும்" என்று நச்சரித்து அவளை ஏற்றிவிட்டார். அவள் வசதியாக உட்காரவேண்டும் என்று துடுப்பையும் கழியையும் கரையிலேயே போட்டுவிட்டார். "எஞ்சின் இருக்கிறப்ப அதெல்லாம் எதுக்கு?" என்று ஜம்பம் வேறு.

காலையில் கரையில் பூசை போட்டது அவள்தான். பூசை இல்லாமல் கிளம்ப விடுவாளா? தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எஞ்சினுக்குப் பொட்டு வைக்கப் போனவள் திகைத்து நின்றாள்.

"இதுக்கு நெத்தி எதுங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உச்சியில் பளபளவென்று இருந்த பெட்ரோல் தொட்டியின் மூடிதான் நெற்றி என்று கடைசியில் அவளே முடிவு கட்டினாள். கெட்டியாக அரைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். முருகா, இவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு.

இப்போது கொஞ்சம் ஆறவிட்டு இழுத்ததும் எஞ்சின் கிளம்பியது. "பார்த்தியா?" என்று திரும்பிச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஊதினார். கிளம்பியது. நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"பெட்ரோல் தீந்திருச்சோ என்னமோ?"

"காலையிலதான் வாய் வரைக்கும் ஊத்தினேன். மூடியைத் தொட்டு நீ வெச்ச பொட்டைக் கலைக்காத."

நீர் வற்றும் நேரம். உள்கடல் தண்ணீரெல்லாம் பவளப்பாறை இடைவெளி வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது, படகையும் இழுத்துக்கொண்டு. நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தார். கயிறு அடியை எட்டவில்லை. பாறையில் அலை மோதும் இரைச்சல் இப்போது பேச்சை அமுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. துரைசாமி கிண்டலை நிறுத்திவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவள் கரை எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தாள்.

இழுத்தார். இழுத்தார். பிறகு இழுத்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே, யாரோ கூப்பிட்டதுபோல் சற்று நின்றார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பலகையில் சாய்ந்தார்.

"என்னங்க! ஐயோ, என்னங்க!"

"மூச்சு... அடைக்குது பாக்கியம்."

சுற்றிலும் ஒரு படகு இல்லை. கத்தினாள். அலை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எஞ்சினிடம் போனாள். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகிப் பார்த்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். தொட்டி நிறைய இருந்தது. மூடியை மடியில் போட்டுக்கொண்டு, அவர் செய்ததைப் பார்த்திருந்தபடியே கயிற்றைச் சுற்றி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

எஞ்சின் கிளம்பியது. இருமவில்லை, நிற்கவில்லை. கைப்பிடியை அப்படியும் இப்படியும் திருப்பிக் படகின் முகத்தைக் கரைப் பக்கம் திருப்பினாள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று அழுதாள்.

பெட்ரோல் தளும்பி அவர்மேல் தெறித்தது. ஒரு கையால் மூடியைத் திருகி மூடினாள். சற்றுத் தூரம் போனதும் எஞ்சின் திணறியது. பதறிப்போய் மறுபடி திறந்தாள். அதே புஸ். எஞ்சின் மூச்சை வாங்கிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம், தொட்டிக்குள் காற்றுப் போக, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மேல்பக்கம் அதே இடத்தில் அவள் வைத்த சந்தனம், வெயிலில் காய்ந்து காரையாகியிருந்தது.

"வந்துட்டமா?" என்றார் துரைசாமி, கண்ணைத் திறக்காமல்.

கரை வெகு தூரத்தில் இருந்தது. "வந்துட்டோங்க. அதோ, தெனி நிக்கிறான் பாருங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு மீனவன் தெனி இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து படகைப் பிடித்தபோது அவர் போய்விட்டிருந்தார். தெனி அவரைத் தொட்டுப் பார்த்து, "பொந்தியே!" என்று தன் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பாக்கியத்தின் உள்ளங்கையில் மூடியின் விளிம்பு பதிந்திருந்தது.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. துரைசாமியின் தம்பி பழனியாண்டி வாசலில் எஞ்சினைக் கிடத்தி எட்டி எட்டி உதைத்தான்.

"இந்தச் சனியன்தான் எங்க அண்ணனைக் கொன்னுச்சு! அண்ணி, இதோட மூடி எங்கே?"

கடலில் இருந்த பயம் வேறு, இது வேறு. மூடியை முடிந்துவைத்த முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கடல்ல விழுந்திருக்கும்" என்றாள். அவனைப் பார்க்க முடியவில்லை. அவன் குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முடிச்சை இன்னும் இறுக்கினாள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அவர் காலைக் கட்டிக்கொண்டு, நான்தாங்க, நான்தாங்க என்று கதறவேண்டும்போல் இருந்தது. ஆனால் கூடத்தில் ஆள் குறையவே இல்லை.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி, பெஞ்சில் கிடத்தினார்கள். பழனியாண்டியின் பெண்டாட்டி கண்ணம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். காலையில் பூசைக்கு அரைத்ததில் மிச்சம், தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தாள்.

"நீங்கதான் வெக்கணும் அக்கா. நல்லாக் கெட்டியா வைங்க. சாயந்திரம் எடுக்கிற வரைக்கும் நிக்கணும்."

பாக்கியம் விரலால் தொட்டு எடுத்தாள். நெற்றிக்கு மேலே கை போய் நின்றது. வாசலில் பழனியாண்டி இன்னும் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"வைங்கக்கா" என்றாள் கண்ணம்மா.

விரல் நுனியில் சந்தனம் மெல்ல வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது.