ஜெற்றி தெரியும் தூரம்

தயிர் உடம்பில் காயும்போது முதலில் இழுத்துப் பிடிக்கும், பிறகுதான் நாறத் தொடங்கும். இலட்சுமி திருகோணமலைப் படகுத்துறையில், ஜெற்றியின் ஓரத்தில் நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கழுத்து மடிப்பில், காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்கில் எல்லாம் தயிர். கீழே எண்ணெய் படர்ந்த தண்ணீரில் மிச்சத் தயிர் கட்டிகட்டியாக மிதக்க, குஞ்சு மீன்கள் அதை முட்டிக்கொண்டிருந்தன.

அவளுடைய புருஷன் கதிர்காமத்தம்பி சுற்றி நின்றவர்களுக்கு, வள்ளம் சரிந்த கதையை வெற்றிலை வாயோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

"பொம்பிளை பயந்துபோய் எழும்பிட்டாள். இரு, இரு எண்டு கத்தினனான். கேட்டாத்தானே."

குடாக்கடலின் மறுகரை மூதூரிலிருந்து அவர்கள் வள்ளத்தில் கொண்டுவரும் தயிரை வாங்கும் கடைக்காரர் அலியார் சிரித்தார். "இனிமேல் தங்கச்சியையும் சட்டிகளோட சேர்த்துக் கட்டிப்போடு தம்பி. ரெண்டும் அசையாது."

எல்லாரும் சிரித்தார்கள். கதிர்காமத்தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். ஓம், நான்தான் எழும்பினேன் என்கிற ஆட்டல். அவளுக்குக் குமட்டியது அவனுடைய பொய்யால் அல்ல, தயிர் நாற்றத்தாலும் அல்ல. தன் கழுத்து அவ்வளவு இலகுவாக அசைந்ததே, அதனால்தான்.

நடந்தது வேறு. கூலிக்கு வந்த ஆள் வேலையை விட்டு நின்ற பிறகு இலட்சுமி வள்ளத்தில் ஏறினாள். கதிர்காமத்தம்பிக்கோ தோள்மூட்டு விலகிப் பொருந்திய பழைய நோவு. குடாக்கடலின் நடுப்பகுதி வரைகூடச் சுக்கானைப் பிடித்திருக்க அவனால் ஏலாது. ஒருநாள் சும்மா பிடித்துப் பார் என்று கொடுத்தான். பிடித்தாள். காற்று பாயில் வந்து விழுவது பிடரியில் தெரிந்தது, அலை வள்ளத்தைத் தூக்குவதற்கு முன்பே சுக்கான் பிடி உள்ளங்கைக்குச் சொன்னது. அன்றிலிருந்து கடல் கடப்பது அவள் பொறுப்பு. ஆனால் ஜெற்றியில் நிற்பவர்களின் முகம் தெரியும் தூரம் வந்ததும் இருவரும் இடம் மாறவேண்டும். பெண்சாதி வள்ளம் ஓட்ட அவன் சட்டிக்குக் காவல் இருக்கிறான் என்று ஊர் பேசக்கூடாது.

அப்படி மாறும்போதுதான் எல்லாம் நடந்தது. ஒடுங்கிய வள்ளம், நடுவில் சட்டிகள், ஒருவரையொருவர் பிடித்துத் தாண்டும் இரண்டு உடம்புகள். அந்த நேரம் சுக்கான் யாருடைய கையிலும் இல்லை. முதல் முறை பாய் மறுபக்கம் அடித்து அவன் நெற்றியை உடைத்தது. அடுத்த முறை அவளுடைய கால் சட்டிகளுக்குள் போனது. இப்போது வள்ளமே சரிந்து பாதித் தயிர் கடலுக்குப் போயிருக்கிறது.

ஒவ்வொன்றிலிருந்தும் கதிர்காமத்தம்பி பாடம் படித்தான். சட்டிகளுக்கு வைக்கோல் திணித்தான். கயிறு மாற்றினான். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், கண்ணூறு கழியத் தேசிக்காய் கட்டினான். இனிப் புதன்கிழமை வருவதில்லை என்றான். அவள் எல்லாவற்றுக்கும் உதவி செய்தாள், வைக்கோலைக்கூட அவள்தான் பிரித்துக் கொடுத்தாள். எந்தப் பாடம் விடுபட்டது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைச் சுற்றிச் சுற்றி நடப்பது, குசினிக்குள் எலி செத்துக் கிடக்கச் சாம்பிராணி போடுவதுபோல இருந்தது அவளுக்கு.

அடுத்த பயணத்தில் கச்சான் காற்று முதுகுப்பக்கம் சீராக வந்தது. கடல் நடுவில் அவன் காலை நீட்டிச் சாய்ந்து, "நீ பிடிச்சா இந்த வள்ளத்துக்கு நோகிறதேயில்லை" என்றான். கரையில் ஒருநாளும் வராத குரல். கேட்க ஆளில்லாத இடத்தில் மட்டும் கிடைக்கும் அந்தப் புகழ் எச்சில் இலையில் வைத்த சோறுபோலக் கிடந்தது. ஒருகாலத்தில் இதைக் கேட்கத்தான் அவள் நாள்தோறும் ஆசையோடு வள்ளத்தில் ஏறினாள் என்பது நினைவு வந்தபோது இன்னும் அருவருப்பாக இருந்தது.

இன்றைக்கு எழும்புவதில்லை என்று அப்போது முடிவெடுத்தாள். வள்ளம் போனாலும் சரி, வீடு போனாலும் சரி.

ஜெற்றியில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. பிறகு முகங்கள். கதிர்காமத்தம்பி எழும்பினான்.

"வா."

"நான் எழும்பேல்லை."

"விசர்க்கதை கதையாதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். நீங்கள் இருங்கோ. நிண்டால் சரியும்."

அவன் நின்றான். வள்ளம் ஆடியது. அவளுடைய கையைப் பிடித்து இழுக்க ஓரடி வைத்தான், சட்டிகள் கரகரத்தன. அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் குந்தினான். பாய்க்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கரை சேர்க்க அவளுக்குத் தெரியாது. இந்தக் கடைசித் துண்டை அவள் ஒருநாளும் செய்ததில்லை. ஜெற்றி பெருத்துக்கொண்டே வந்தது. கேட்க வாய் வரவில்லை. சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. இரண்டு வீம்புகளும் காற்று நிறைந்த பாயோடு கரையை நோக்கிப் போயின.

"பாயை இறக்குங்கோ" என்று அவள் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. அவன் கயிற்றை விட்டான், பாய் அரைவாசி இறங்குமுன் அணியம் ஜெற்றிக் கட்டையில் மோதியது. முன்வரிசைச் சட்டிகள் நொறுங்கின.

மேலே யாரோ விசிலடித்தார்கள். அலியார் குனிந்து பார்த்தார். "இதென்ன தம்பி, திரும்பவுமா? ஆர் சுக்கான் பிடிச்சது?"

கதிர்காமத்தம்பி வாயைத் திறந்தான். அந்த வாய்க்குள் கதை உருண்டு திரள்வதை இலட்சுமி பார்த்தாள். பார்த்துக்கொண்டே எழும்பாமல், சுக்கானில் கையை வைத்தபடி சொன்னாள்:

"நான்தான். மூதூரிலயிருந்து நான்தான் பிடிச்சு வாறனான், எப்பவும். பாய்க்கயிறு அவரின்ர கையில. நான் பிந்திச் சொன்னனான், அவர் பிந்தி விட்டவர்."

சிரிப்பு வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னச் சிரிப்பு. அலியார் சிரிக்கவில்லை. கதிர்காமத்தம்பியின் முகத்தையே பார்த்தார்.

அவன் உடைந்த சட்டி ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினான். நிறைய நேரம் பொறுக்கினான். பிறகு தலை நிமிராமல், "ஓம்" என்றான்.

அவன்மேல் அவளுக்கு அன்பு ஒன்றும் பொங்கவில்லை. அருவருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதில் அவளுடைய பங்கு கொஞ்சம் குறைந்திருந்தது.

திரும்பும்போது வெற்றுச் சட்டிகளை அடுக்கிவிட்டு அவன் பாய்மரத்தடியில் போய் இருந்தான். ஜெற்றியில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

"அடுத்தமுறை வரேக்க அந்த மஞ்சள் மிதவை தாண்டினதும் சொல்லு" என்றான், கயிற்றைப் பார்த்தபடி. "அங்கேயே பாயை இறக்கவேணும். மிச்சத்துக்கு வள்ளம் தானாப் போகும்."