சத்தம் என்று சொன்ன காரணம்

அமெரிக்காவில் டெக்சஸின் காப்பெல் நகரத் தமிழர்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் நாட்டுப்புறக் கலைப் பயிலரங்கு அந்த வருடம் ஜலஜாவின் பொறுப்புக்கு வந்தது. கோலாட்டம், களிமண் பொம்மை, பனையோலைப் பின்னல், பறை என்று வகுப்புகள். ஒரு சமூகக் கூடத்தை வாரம் முழுக்க எடுத்திருந்தார்கள். பறை சொல்லித்தர எழிலரசி வந்தாள். திண்டிவனத்துக்காரி, கல்லூரி நாளில் கலைக்குழுவில் சேர்ந்து பறை கற்றவள். பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு மருத்துவமனையில் டேட்டா அனலிஸ்ட் வேலை. இதற்காகவே ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள்.

முதல் நாள் பறை வகுப்புக்குத்தான் கூட்டம். ஜலஜாவின் மகள் தீக்ஷா வீட்டுக்கு வந்தும் சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ஜம்புநாதன் போனில் கூப்பிட்டார். ஊர்த் தமிழர்களில் மூத்தவர். அவர் முகம் சுளித்தால் எந்த விழாவுக்கும் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

"என்னம்மா ஜலஜா, பறையெல்லாம் சொல்லிக்குடுக்கறீங்களாமே? சாவு வீட்டுல அடிக்கறது. என் பேரன அந்த க்ளாஸுக்கு அனுப்பறதா இல்ல. மத்தவங்களும் என்ன நினைப்பாங்கன்னு நீயே யோசிச்சுக்கோ."

பதில் ஜலஜாவுக்குத் தெரியும். கல்லூரி மேடையில் இதைப் பற்றியே பேசிப் பரிசு வாங்கியவள். ஆனால் வாயில் வந்தது, "புரியுது அங்கிள், நான் பாத்துக்கறேன்" என்பதுதான். போனை வைத்த கையோடு எழிலரசியைக் கூப்பிட்டாள்.

"எழில், ஒரு சின்ன ப்ராப்ளம். சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஹால்ல கம்ப்ளெயின்ட் பண்றாங்களாம். பறைய மட்டும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"ஐயோ, என்னால உங்களுக்குத் தொல்லையா போச்சே. சாரிக்கா" என்றாள் எழிலரசி.

அந்த சாரி ஜலஜாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் நல்லபடியாக முடிந்தது என்றுதான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜலஜா தீக்ஷாவோடு கூடத்துக்குள் நுழைந்தபோது எழிலரசி மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தாள். பக்கத்தில் கூடத்து மேனேஜர் டெனிஸ். களிமண் வகுப்புக்குப் பேரனை விட வந்த ஜம்புநாதனும் அங்கேதான் நின்றிருந்தார்.

"அக்கா, நேரா இவங்ககிட்டயே பேசிட்டேன். பின்னாடி இருக்கற ஜிம்ம யூஸ் பண்ணிக்கலாமாம். அங்க எவ்ளோ அடிச்சாலும் யாருக்கும் கேக்காது."

டெனிஸ் புரியாத முகத்தோடு ஜலஜாவைப் பார்த்தாள். "பட் நோபடி கம்ப்ளெயின்ட். ஹூ டோல்ட் யூ தட், ஜலஜா?"

"மே பி... சம் மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்" என்று இழுத்தாள் ஜலஜா.

"அம்மா, யூ செட் தே டோல்ட் யூ டு ஸ்டாப்" என்றாள் தீக்ஷா. அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தாள்.

எழிலரசி ஜலஜாவைப் பார்த்தாள். பிறகு, குனிந்து பேரனின் ஷூ லேஸை ஏதோ பெரிய வேலைபோல் கட்டிக்கொண்டிருந்த ஜம்புநாதனைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. டெனிஸுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பறைகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஜலஜா பின்னாலேயே ஓடினாள். பார்க்கிங் லாட்டில் வெயில் அப்போதே கொளுத்தத் தொடங்கியிருந்தது.

"எழில், ஹால்ல யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரிஞ்சுபோச்சு." எழிலரசி காரின் டிக்கியில் பறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "சத்தம்னு சொன்னீங்க, அதுக்கு வழி இருக்குன்னு போய்ப் பேசினேன். நிஜக் காரணம், அந்த முகச்சுளிப்பு, எனக்கு ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து பழக்கம். அதச் சொல்லியிருந்தீங்கன்னா காலங்காத்தால இங்க வந்து இளிச்சிட்டு நின்னிருக்க மாட்டேன்."

"உள்ள வா, ப்ளீஸ். ஜிம்லயே நடத்தலாம்."

"இன்னிக்கு வேணாம். என்னால முடியாது."

கார் போனபின் ஜலஜா திரும்பி வந்து நேரே ஜம்புநாதனிடம் போனாள். "அங்கிள், நேத்து நீங்க சொன்னதுக்காகத்தான் க்ளாஸ நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எங்கம்மா நிறுத்தச் சொன்னேன்? என் பேரன அனுப்பலன்னுதானே சொன்னேன். நிறுத்தினது நீ."

அவர் சொன்னதில் சூழ்ச்சி இருந்தது. ஆனால் பொய் இல்லை. அதுதான் ஜலஜாவைச் சாய்த்தது. அவள் வாஷ்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோலாட்டப் பாட்டு ஆரம்பித்து முடியும்வரை வெளியே வரவில்லை.

எழிலரசி கூடத்துக்குத் திரும்பவேயில்லை. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. சனிக்கிழமைகளில் பூங்காவில் சொல்லித்தருகிறேன் என்று அவர்களுடைய அம்மாக்களுக்குச் செய்தி அனுப்பினாள். ஜலஜாவுக்கும் அதே செய்தி வந்தது. தீக்ஷாவைக் கொண்டுவிட்டு, ஜலஜா ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பாள். போனைப் பார்ப்பதுபோல் குனிந்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எழிலரசி.

"எவ்ளோ நேரம் உள்ளயே இருப்பீங்க? அங்க நிழல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

ஜலஜா இறங்கிப்போய் மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அஞ்சனா கேட்டாள், "ஹால்ல ஏதோ சத்தம் ப்ராப்ளம்னு கேள்விப்பட்டேனே. இப்ப சரியாயிடுச்சா?"

அப்படியென்றால் எழிலரசி இத்தனை நாளும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் இதோடு முடிந்துவிடும்.

"சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல, அஞ்சனா. பறைன்னதும் ஒருத்தர் முகம் சுளிச்சார். நான் பயந்துட்டு, எழில்கிட்ட பொய் சொல்லி நிறுத்திட்டேன்."

அஞ்சனா தண்ணீர் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மெல்ல முகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எழுந்து காருக்கே போய்விடலாமா என்றிருந்தது ஜலஜாவுக்கு. போகவில்லை. வகுப்பு முடியும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.