பாப்பா எடுத்த கூரை

"மெதுவாடா, கதவுல இடிக்காத," என்றாள் அக்கா. போர்வையின் முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு அம்மாவை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுவந்தார்கள். எடை மேடையில் உட்கார்ந்து வருகிற போகிற லாரிகளையெல்லாம் எடை போட்டு ஓய்வு பெற்றவள், இப்போது தன் எடையையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தவள்போல இருந்தாள்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அம்மா பல நாளாகக் கண்மூடித் தூங்கவில்லை. மருந்து கொடுத்தால் கொஞ்சம் அசருவாள், உடனே விழித்துக்கொள்வாள். ஒரு தூக்கம் தூங்கிவிட்டுப் போகட்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

"கூடத்துல படுக்க வைக்கலாம்."

"இந்த வெயில்லயா? என் ரூம்ல ஏசி ஓடிட்டிருக்கு," என்றான் தம்பி.

அவன் ஏசி மெக்கானிக். வீட்டின் பின்பக்கம் அவன் சம்பாத்தியத்தில் கட்டிய அறை அது. கான்கிரீட் தளம், வெள்ளைச் சுவர், தன் கையாலேயே மாட்டிய ஏசி. கட்டி முடித்த பிறகு அம்மா அதில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திரும்பினாள்.

அத்தை முன்பே வந்து சேர்ந்திருந்தாள். அப்பாவின் தங்கை. அம்மாவுக்கும் அவளுக்கும் நாற்பது வருஷமாக ஒரு வழக்கு உண்டு. அதற்குக் காரணம் கூரை.

இந்த வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றபோது, மேலே எதைப் போடுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தகரம் மலிவு என்றார் ஒருவர். சிமென்ட் ஷீட்டு சீக்கிரம் வேலை முடியும் என்றார் கொத்தனார். அப்பாவுக்குத் தளம் போட ஆசை, ஏனென்றால் தங்கை வீட்டில் தளம். அம்மாவோ எடை போடாமல் எதையும் நம்பாத பிறவி. அப்போது அக்கா கைக்குழந்தை. அம்மா கக்கத்தில் ஒரு பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கினாள். "ஒண்ணுமில்ல, பாப்பாவைக் கொஞ்ச நேரம் தூங்கப் போட்டுட்டுப் போறேன்" என்பாள். தகர வீட்டில் பாப்பா வீரிட்டு அழுதாள். ஷீட்டு வீட்டில் கொஞ்சம் தூங்கி, சிணுங்கி எழுந்தாள். அத்தை வீட்டுத் தளத்தின் கீழே மத்தியானம் நன்றாகத்தான் தூங்கினாள். அத்தை காபி போட்டுக்கொடுத்துப் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தளம் குடித்த வெயிலையெல்லாம் கக்க ஆரம்பித்ததும் பாப்பா வியர்வையில் தொப்பலாக நனைந்து, ஊரைக் கூட்டிவிட்டாள். கடைசியில், பள்ளிக்கூட குமாஸ்தா ஒருவரின் ஓட்டு வீட்டில், பால் குடிக்கக்கூட எழாமல் பொழுது சாயும்வரை தூங்கினாள். அன்றைக்கே அம்மா ஓட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். அடியில் சின்ன ஓடு ஒரு வரிசை, அதன்மேல் பெரிய ஓடு.

ஏன் இந்த ஓட்டைத் தேர்ந்தெடுத்தாய் என்று யார் கேட்டாலும், "நான் எங்க எடுத்தேன்? எல்லாம் பாப்பா எடுத்தது," என்பாள் அம்மா.

"குழந்தையைக் கிள்ளி விட்டுட்டு என் வீட்டு மேல பழி போட்டாங்க," என்று அத்தையும் விடாமல் சொல்லிவந்தாள்.

இந்த விஷயத்தில் அவனும் அத்தையும் ஒரே கட்சி. அவன் அறை கட்டி முடித்த அன்று, அம்மா பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "மெஷினை நிறுத்துடா. கூரையை மட்டும் பாக்கலாம்," என்றாள். முடிவு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

இப்போது அறை ஜில்லென்று இருந்தது. அம்மா தூங்கவில்லை. விரல்கள் போர்வையைத் தேடித் தேடிப் பிடித்தன. மோட்டுவளையைத் தேடுகிறவள்போல வெள்ளைத் தளத்தில் கண் அலைந்துகொண்டிருந்தது. அவன் குளிரைக் கூட்டினான், குறைத்தான், காற்று முகத்தில் படாமல் திருப்பினான். தொழிலில் கற்றதையெல்லாம் செய்து பார்த்துவிட்டான்.

"என்னம்மா பண்ணுது?"

"ஆஸ்பத்திரி மாதிரியே இருக்குடா," என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அவனுக்குச் சுருக்கென்றது. ஏசியை அணைத்துவிட்டு, "அக்கா, தலைப்பக்கம் பிடி," என்றான்.

கூடத்தில் பாய் விரித்து, மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். வெளியே வெயிலில் கண் கூசியது. உள்ளே பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. அம்மா அண்ணாந்து ஓட்டைப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கண் நகர்ந்தது. எங்கேயாவது ஒன்று விலகியிருக்கிறதா என்று பார்க்கிறாளோ என்று நினைத்தான். பார்த்து முடித்ததும் அவள் முகம் இளகியது.

"பாப்பா அழுவுறாளா?" என்றாள் திடீரென்று.

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன்தான் பதில் சொன்னான்.

"இல்லம்மா. தூங்கிட்டா."

"நல்லா?"

"நல்லா தூங்கறாம்மா. எழுப்பவே முடியல."

அம்மா தலையை ஆட்டினாள். கண்கள் மூடின. விரல்கள் போர்வையை விட்டன. சீரான மூச்சு வந்தது, சின்னக் குறட்டையும் சேர்ந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீரோடு. அத்தையோடு மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் குறட்டை நின்றது. சற்றுப் பொறுத்து மூச்சும் நின்றது. நிற்கும்போதும் அம்மா விழித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எடை மேடைக்கு வந்துபோன பழைய லாரி டிரைவர்களே பாதிக் கூடம் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், பெரிய உடம்புக்காரர், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத்தனை பேர் உக்காந்திருக்கோம், புழுக்கமே இல்லியே. ஏசி எங்க தம்பி வச்சிருக்கீங்க?"

அவன் மேலே கை காட்டினான்.

"ஏசி இல்லிங்க. எங்க அம்மா பாத்துப் போட்ட ஓடு. எங்க அக்காவை வச்சுப் பாத்தாங்க." முழுக் கதையையும் அவரிடம் சொன்னான். அத்தை வீட்டையும் விடவில்லை, தன் அறையையும் விடவில்லை. டிரைவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்கு. அம்மா நடுவில் படுத்திருக்க, கூடத்தில் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் கட்டிய அறையை யார் புகழ்ந்தபோதும் இப்படி நிமிர்ந்ததில்லை.

அம்மாவை எடுத்துப்போய்விட்டு அவன் வீடு திரும்பியபோது மத்தியானம் ஆகியிருந்தது. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மாவின் பாய் இருந்த இடத்தில், வெறும் தரையில், அக்கா கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நாட்களெல்லாம் கண் விழித்தவள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பக்கத்தில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் நாற்காலியை இழுக்க, "உஷ், தூக்கி வைப்பா," என்று அதட்டினாள். அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பவே படுத்தா. இன்னும் ஒரு பக்கம் திரும்பல."

"ம்."

அத்தை ஓட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அண்ணி அன்னைக்குக் கிள்ளல போலிருக்கு," என்றாள்.

அவன் சுவரோரம் உட்கார்ந்தான். அத்தை பக்கத்தில் கிடந்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து நாலாக மடித்தாள். அக்காவுக்கு விசிறுவதற்குக் குனிந்து, புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். துளி வியர்வை இல்லை. பிறகு செய்தித்தாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.