கணப்பில் கட்டிய வேலிக் கம்பி

மருமகன் ரோவன் தானாக வந்து, குளிர்காய விறகு எரிக்கிற கணப்பைச் சரிபண்ணித் தருகிறேன் என்றபோதே எனக்கு உறைத்தது, இவனுக்கு இதில் ஏதோ இருக்கிறது. டாஸ்மேனியா மேட்டில் அறுபது வருஷமாக ஆடு வளர்க்கிறேன். சும்மா உதவ வந்தவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் மனைவி மேவிஸுக்கு நெஞ்சுச்சளி. நர்ஸ் அவள் நாற்காலியில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் போயிருந்தாள். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வருவேன். ரூம் சூடு பதினாறு டிகிரி காட்டணும். இல்லாட்டி இவங்க ஹோபார்ட்ல மகள் வீட்டுக்குப் போயிடணும்" என்றாள். அன்றைக்குப் பத்து காட்டியது. மேவிஸ் போனால் நானும் எத்தனை நாள் இங்கே இருப்பேன்? அப்புறம் ஏரியைப் பார்த்த இந்த வீடு யாருக்கு? மீன் பிடிக்கிற பைத்தியம் ரோவனுக்கு.

அதனால் அவன் வேலை செய்தபோது பக்கத்திலேயே நின்றேன். என் தாத்தா கட்டிய கணப்பு. ஒரு கிடாயை உள்ளே நிறுத்தலாம். ரோவன் இரண்டு பக்கமும் செங்கல் வைத்துச் சாய்வாகக் குறுக்கினான். பின்சுவரையும் முன்பக்கமாகச் சாய்த்தான்.

"பாதி இடத்த அடைச்சிட்டியே, இந்தச் சின்னத் தீயில எங்கேடா சூடு வரும்?"

"இப்ப சூடெல்லாம் சிம்னி வழியா காக்காய்க்குப் போகுது, கிளெம். சாஞ்ச கல்லு அத ரூமுக்குத் திருப்பும்."

"காக்கா உன்கிட்ட புகார் பண்ணுச்சா?"

மேவிஸ் சிரித்தாள், உடனே இருமினாள்.

கடைசியில் சிம்னியின் தொண்டையில் ஓர் இரும்பு மூடியை மாட்டினான். வெளியே அதற்கொரு கைப்பிடி. "பத்த வைக்கிறப்ப முழுசாத் திறங்க. நல்லாப் பிடிச்சதும் பாதிக்குக் கொண்டு வாங்க. தீ இருக்கிற வரைக்கும் முழுசா மூடிடாதீங்க."

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. அந்த மூடி தானாக விழுந்தால் புகை உள்ளே அடையும். தூக்கத்திலேயே இரண்டு பேரும் காலி. அவன் கை கழுவப் போனதும் கைப்பிடியின் ஆணியை உருவினேன். மூடியை முழுசாகத் திறந்து வைத்து, வேலிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். இனி கைப்பிடியை எங்கே வைத்தாலும் மூடி அசையாது. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை பதினொன்று. "பாத்தியா உன் மருமகன் லட்சணத்த!" என்று மேவிஸிடம் கத்தினேன். வியாழன் காலை பன்னிரண்டு. அவளைக் கூட்டிப்போக ரோவன் வந்துவிட்டான். கைப்பிடியை ஆட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"பாதியிலதான் இருக்கு. அப்புறம் ஏன் சூடே நிக்கல?"

நான் குனிந்து கொள்ளியைக் கிளறினேன். மேவிஸ் பெட்டியில் துணி அடுக்கினாள். என் காலுறைகளையும் எடுத்து வைத்தாள்.

"நான் வரல."

"தெரியும். ஓட்டையத் தைச்சு அனுப்புறேன். யார் தைப்பா இங்க உனக்கு?"

கொட்டகைக்குப் போய்க் கம்பி வெட்டும் குறடை எடுத்துவந்தேன். கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே கைவிட்டுக் கம்பியை நறுக்கினேன். மணிக்கட்டு வெந்தது. ரோவன் கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் உங்களக் கொல்லப் பாத்தேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா, நெனச்சேன்."

"அடக் கிழட்டுக் கிடாயே!" என்றாள் மேவிஸ். "ரெண்டு நாளா நான் நடுங்கிச் சாகுறேன், நீ வேலி கட்டிட்டு இருந்தியா?"

ரோவன் என்னிடமிருந்து ஆணியை வாங்கிச் செருகினான். காய்ந்த கட்டைகளைப் போட்டு, தீ பிடித்ததும் கைப்பிடியைப் பாதிக்கு இறக்கினான். பதிமூன்று. பதினான்கு. நர்ஸ் வந்தபோது பதினைந்தரை. "முதல்ல டீ குடிங்க" என்று அவளை மேவிஸ் உட்கார வைத்தாள். இரண்டாவது கோப்பை முடிகிறபோது பதினாறைத் தொட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

ரோவனிடம் மன்னிப்புக் கேள் என்றாள் மேவிஸ். கேட்டேன். ஆனால் அவனை வழியனுப்பும்போது கார் டிக்கியைப் பார்த்தேன். நோயாளியைக் கூட்டிப்போக வந்தவன் எதற்கு இரண்டு தூண்டில் கொண்டு வந்தான்?